மடையன் என்று யாரைச் சொல்வது?

வீரபாண்டியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “வயலில் இருப்பதும் மடை, கோயிலில் சமைப்பதும் மடைப்பள்ளி. அடுப்படிக்குள் வாய்க்கால் எப்படி வந்தது?”

முல்லைப் பெரியாறு அணை 1895-இல் வந்த கதையை முல்லையாற்றங்கரைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரையிலான 14,707 ஏக்கர் இருபோகத்தில் வீரபாண்டி ஏறக்குறைய கடைசிப் பந்தி. மடையின் அருமை அங்கே தெரியாமல் இருக்காது.

பழந்தமிழில் மடை என்றால் சோறு, சமையல், தெய்வத்துக்கு இடும் படையல். நகையின் பூட்டுவாய்க்கும் அதே பெயர். ‘மடுத்தல்’ என்ற வினையைப் பிடித்தால் முடிச்சு அவிழும். மடுத்தல் என்றால் உள்ளே செலுத்துதல், சேர்த்தல். தண்ணீரை வயலுக்குள் விடுவது ஒரு மடை. சோற்றைச் சாமிக்கு ஊட்டுவது இன்னொன்று. என் பாட்டி சங்கிலிக் கொக்கியைக் கண்ணை இடுக்கிக்கொண்டு வளையத்துக்குள் நுழைப்பாளே, அதுவும் மடைதான். ஸ்பானிய மொழியில் ‘மன்யானா’ என்றால் காலை. நாளை என்றும் பொருள். அங்கே இரண்டு, நம் மடை நாலு வயலுக்குப் பாய்கிறது.

எனக்குப் பிடித்த வேடிக்கை ‘மடையன்’. பழைய நூல்களில் அவன் சமையல்காரன். தென்மாவட்டங்களில் நீர் பாய்ச்சுகிறவருக்கும் அதே பெயர் உண்டு. முட்டாளைத் திட்டும் சொல்லும் இவர்களிடமிருந்தே வந்ததாகச் செல்போனில் கதை சுற்றுகிறது. நான் நம்பவில்லை. திட்டு வாங்கும் மடையன் மடமைக்குப் பிறந்தவன். மற்ற இருவரும் மடைக்குப் பிறந்தவர்கள். பெயர் ஒன்று, குடும்பம் வேறு.

ராத்தண்ணி முறை வந்தால் என் தாத்தா மண்வெட்டியோடு கிளம்புவார். இருட்டில், காலில் படும் குளிர்ச்சியை வைத்தே எந்த மடையை அடைப்பது, எதை வெட்டிவிடுவது என்று சொல்லிவிடுவார். அவரைப் போன்றவர்களின் பெயரா வசவு?

இன்று மடைவாயில் பிளாஸ்டிக் பையைத் திணிக்கிறோம். மேல்மடைக்காரர் தமக்குப் பாய்ந்ததும் படுத்துவிடுகிறார். கடைமடைக்காரர் கரையில் நின்று கத்துகிறார். காதுக்குள் விடுவதற்கும் அதே வினைதான்: செவிமடுத்தல். அந்த மடையையும் கொஞ்சம் திறந்து வைக்கலாம்.