கப்பியின் பள்ளமும் முழங்கால் சில்லும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பணிபுரியும் இளைஞர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். இரும்பு ஏணியிலிருந்து இறங்கியவர், கடைசிப் படியில் காலூன்றிச் சற்றே திரும்புகிறார். முழங்கால் சில்லு வெளிப்புறமாக நழுவுகிறது. அவர் சுருண்டு விழுகிறார். காலை நீட்டியதும் அது தானே பழைய இடத்தில் வந்து அமர்ந்துவிடுகிறது. வீக்கம் வடிந்தபின் அவர் கூறும் வலியை மேற்பார்வையாளர் நம்புவதில்லை. சில வேளை பெற்றோரும் நம்புவதில்லை. அன்பு வாசகர்களே, அவர் நடிக்கவில்லை.

தொடையெலும்பின் கீழ்முனையில், முன்புறமாக ஒரு பள்ளம் உண்டு. மருத்துவர்கள் அதனை ‘டிராக்லியா’ என்பர். அந்த இலத்தீன் சொல்லுக்குக் கப்பி என்பதே பொருள். கிணற்றுக் கப்பியின் பள்ளத்தில் கயிறு ஓடுவதுபோல், இப்பள்ளத்தில் சில்லு ஏறி இறங்குகிறது. கப்பியின் விளிம்பு தேய்ந்தால் கயிறு என்னவாகும் என்பதைத் தாய்மார்களுக்குச் சொல்லவா வேண்டும்?

சிலருக்கு இப்பள்ளம் பிறவியிலேயே ஆழமின்றியோ, தட்டையாகவோ, புடைத்தோ அமைந்துவிடுகிறது. பள்ளத்தின் இரு சரிவுகளுக்கிடையே உள்ள கோணம் பொதுவாக 138 பாகை அளவில் இருக்கும். 145 பாகையைத் தாண்டினால் ஆழம் போதாது என்று கொள்வர். பிரான்சின் லியோன் நகர மருத்துவர் ஹென்றி டெஜூர், பக்கவாட்டு எக்ஸ்ரேயிலேயே இக்குறையைக் கண்டறியும் அடையாளத்தை 1987-இல் விளக்கினார். அவருடைய மகன் டேவிட் டெஜூர் இதனைப் பின்னர் நான்கு வகையாகப் பிரித்தார்.

காலை நீட்டியிருக்கும்போது சில்லு பள்ளத்திற்கு மேலே நிற்கிறது. சுமார் 20 முதல் 30 பாகை மடக்கிய பின்னரே உள்ளே நுழைகிறது. அதுவரை அதனைப் பிடித்திருப்பது உட்புறத் தசைநார். முதல் நழுவலிலேயே அது கிழிந்துவிடுவதால்தான் அடுத்தடுத்த நழுவல்கள் எளிதாகின்றன. ஒவ்வொரு முறையும் குருத்தெலும்பு உரசிச் சிதைகிறது. பதின்ம வயதில் தொடங்கும் இத்தொல்லை ஒரே குடும்பத்தில் பலருக்கும் வருவதுண்டு. மகளின் கால் நழுவினால், தாயின் முழங்காலைப் பற்றியும் மருத்துவரிடம் கூறுங்கள்.

திருவள்ளூர் வட்டாரத்தில் எலும்பு என்றதும் புத்தூர்க் கட்டு நினைவுக்கு வரும். கட்டு எதுவாயினும், ஆழமில்லாப் பள்ளத்தை அது ஆழமாக்கிவிடாது. முதன்முறை நழுவியவருக்குச் சில வாரம் பட்டை அணிவித்து, தொடைத் தசைகளுக்குப் பயிற்சி அளிப்பர். மீண்டும் மீண்டும் நழுவினால் உட்புறத் தசைநாரைப் புதிதாக அமைக்கும் அறுவை உண்டு. பள்ளத்தையே செதுக்கும் அறுவை கடுமையான குறை உள்ளவர்களுக்கு மட்டுமே. எலும்பு வளரும் பருவத்துச் சிறாருக்கு அதனைத் தவிர்ப்பர்.

தொழுகையின் இருப்பில் கால் முழுதும் மடங்குவதால் சில்லின் மீது அழுத்தம் மிகும். வலி தாளாதவர் நாற்காலியில் அமர்ந்து தொழ மார்க்கம் இடமளிக்கிறது. இளவயதினரைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம்.

திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, மின்ரயிலில் சென்டிரல் இறங்கி எதிரேயுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கோ செல்லுங்கள். சில்லு எப்போது, எத்தனை முறை, எந்த அசைவில் நழுவியது என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.