கூடத்துக்கு வந்த கம்பெனி!

சென்னைக்குத் தெற்கே பழைய மகாபலிபுரம் சாலையில் போயிருக்கிறீர்களா? வழி நெடுகக் கண்ணாடி மாளிகைகள். உள்ளே ஆயிரக்கணக்கானவர்கள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, அமெரிக்கப் பாங்குகளுக்கும் இங்கிலாந்து இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கும் வேலை பார்க்கிறார்கள்.

அந்த மாளிகைகளில் சில அறைகள் உண்டு. கழுத்தில் தொங்கும் அட்டையைக் காட்டினால்தான் கதவு திறக்கும். செல்போனை வெளியே வைத்துவிட வேண்டும். சில அறைகளில் பேனாவும் காகிதமும் கூடக் கூடாது! ஏன்? உள்ளே இருப்பது பிறத்தியாருடைய பணக் கணக்கு. ஒருவர் நம்பரை எழுதிக்கொண்டு போய்விட்டால்? அதனால் மேலேயிருந்து காமிரா பார்த்துக்கொண்டே இருக்கும்.

2020-ம் ஆண்டில் இந்த அறைகளில் நடந்த வேலை, கும்பகோணத்திலும் தென்காசியிலும் சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிட்டது. பக்கத்தில் ரசச் சட்டி. பின்னால் பாட்டி பார்க்கும் டெலிவிஷன். காமிராவைக் காணோம்.

எப்படி வந்தது?

சீர்வரிசை போல...

மார்ச் 11-ந்தேதி உலக சுகாதார ஸ்தாபனம், கொரோனா உலகம் முழுவதையும் பிடித்த கொள்ளை நோய் என்று அறிவித்தது. 24-ந்தேதி இரவு 8 மணிக்குப் பிரதமர் நரேந்திர மோடி டெலிவிஷனில் பேசினார். நள்ளிரவு முதல் 21 நாட்களுக்கு நாடெங்கும் ஊரடங்கு என்றார். இடையில் இருந்தது 4 மணி நேரம்.

கம்பெனிகள் அதற்குச் சில நாட்கள் முன்னதாகவே மூட்டை கட்டத் தொடங்கியிருந்தன. லேப்டாப் எல்லோரிடமும் இல்லை. பலருக்கு மேஜைமேல் வைக்கும் கம்ப்யூட்டர்தான். திரை, பெட்டி, ஒயர் எல்லாவற்றையும் கட்டி, கார்களிலும் வேன்களிலும் ஏற்றி வீடு வீடாக அனுப்பினார்கள். கல்யாண வீட்டுக்குச் சீர் போவதுபோல கம்ப்யூட்டர் போயிற்று!

ஆனால் சட்டம் குறுக்கே நின்றது. இந்த மாளிகைகளில் பல, "சிறப்புப் பொருளாதார மண்டலம்" என்ற வேலிக்குள் இருப்பவை. வெளிநாட்டிலிருந்து அங்கே வரும் சாமான்களுக்குச் சுங்கவரி கிடையாது. வரி கட்டாத கம்ப்யூட்டரை இஷ்டத்துக்கு வேலி தாண்டிக் கொண்டுபோகலாமா? அதற்கு அரசாங்கம் அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்தது.

இன்னொரு விதி மத்திய அரசின் தொலைத்தொடர்பு இலாகாவுடையது. டெலிபோன் மூலம் வெளியாருக்குச் சேவை செய்யும் கம்பெனி, தன் ஆளை வீட்டில் உட்காரவைத்து வேலை வாங்க வேண்டுமானால் பிணைத்தொகை கட்ட வேண்டும் என்று இருந்தது. மார்ச் 13-ந்தேதி அதைத் தளர்த்தினார்கள். "ஏப்ரல் 30 வரைதான்" என்றார்கள். பிறகு ஜூலை என்றார்கள்; டிசம்பர் என்றார்கள். கடைசியில் நவம்பரில் விதியையே புதிதாக எழுதிவிட்டார்கள்.

மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அவர்தான் வேலை கொடுக்கும் வெளிநாட்டுக்காரர். "என் வேலை இன்ன அறையில்தான் நடக்க வேண்டும்" என்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருப்பவர். "இனி வீட்டில் நடக்கும், சம்மதியுங்கள்" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அவருக்கும் வேறு வழி ஏது? அவரே வீட்டுக்குள்தானே அடைந்து கிடந்தார்!

நாலரை லட்சம் பேர்

பெரிய கம்பெனி எப்படிச் சமாளித்தது என்று பார்க்க, டாடா கன்சல்டன்சி சர்வீசஸை எடுத்துக்கொள்வோம். அப்போது அதில் சுமார் 4 லட்சத்து 48 ஆயிரம் பேர். சென்னை சிறுசேரியில் மட்டும் 20 ஆயிரம் பேருக்குமேல் உட்காரக்கூடிய வளாகம் அதற்கு உண்டு. ஏப்ரல் மாதத்துக்குள் 100-க்கு 90 பேருக்கு மேல் வீட்டிலிருந்தே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டார்கள்.

பாங்குக் கணக்கு வீட்டுக்கே வந்துவிட்டதா என்று நீங்கள் கேட்கலாம். வரவில்லை. கணக்கு அதற்குரிய பெரிய கம்ப்யூட்டரிலேயே இருக்கும். வீட்டில் இருப்பவர் அதைத் தம் திரையில் பார்த்து வேலை செய்வார். இரண்டுக்கும் நடுவே இன்டர்நெட்டில் ஒரு ரகசியப் பாதை. அதில் போகிற எழுத்தெல்லாம் சங்கேதமாக மாற்றப்பட்டிருக்கும். நடுவழியில் ஒருவன் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் புரியாது.

ஆனால், பாதையின் கடைசியில் உட்கார்ந்திருப்பவர் நாணயமானவரா என்பதை எந்த யந்திரமும் சொல்லாது. அங்கே கம்பெனி தன் ஆளை நம்பித்தான் ஆக வேண்டும்.

ஏப்ரல் 16-ந்தேதி அந்தக் கம்பெனி ஓர் அறிவிப்புச் செய்தது. சம்பள உயர்வு கிடையாது. ஆனால் யாரையும் வீட்டுக்கு அனுப்பப்போவதில்லை. வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் கொடுத்த சுமார் 40 ஆயிரம் புதியவர்களையும் சேர்த்துக்கொள்ளப்போவதாகச் சொன்னது. ஊரெல்லாம் வேலை போய்க்கொண்டிருந்த நேரம் அது. கையில் கடிதத்தை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் வீட்டில் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். நின்றுபோன சம்பள உயர்வும் அந்த அக்டோபரில் வந்தது.

மன்னார்குடியில் ஒரு வீடு

கம்பெனி கம்ப்யூட்டரைக் கொடுத்தது, சம்பளத்தைக் கொடுத்தது. மற்றதை யார் கொடுத்தார்கள்?

எனக்குத் தெரிந்த ஒரு வீடு மன்னார்குடியில் இருக்கிறது. மகன் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர். ஊரடங்கு தளர்ந்ததும் இ-பாஸ் வாங்கிக்கொண்டு, கம்ப்யூட்டரோடு வந்து இறங்கினார். அப்பா தம் அறையைக் காலி செய்து கொடுத்துவிட்டுத் திண்ணைக்குப் போனார். அமெரிக்காவுக்குப் பகல் என்றால் நமக்கு இரவு. அதனால் மதியம் 2 மணிக்குத் தொடங்கி நடுநிசி வரை வேலை.

"மீட்டிங் என்றால் குக்கர் விசில் அடிக்கக் கூடாது என்று அர்த்தம்" என்றார் அந்த அம்மாள். சாதத்தைப் பானையில் வடிக்க ஆரம்பித்துவிட்டார். கரண்ட் போனால் ஓடிப்போய் இன்வெர்ட்டரைப் பார்ப்பது அப்பா வேலை. இதற்கெல்லாம் எந்தக் கம்பெனியும் சம்பளம் போடவில்லை!

சில கம்பெனிகள் யோசித்துச் செய்தன. கனடாவின் ஷாப்பிஃபை கம்பெனி 2020 மார்ச்சிலேயே, மேஜை நாற்காலி வாங்கிக்கொள்ள ஆளுக்கு 1,000 டாலர் கொடுத்தது. கூகுளும் மே மாதம் அதே தொகையை அறிவித்தது. நம் ஊரிலும் நாற்காலியை வீட்டுக்கு அனுப்பிய கம்பெனிகள் உண்டு. நாற்காலிதானே என்று நினைக்காதீர்கள். 10 மணி நேரம் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். மன்னார்குடிக்கும் ஒரு நாற்காலி வந்தது. சக்கரம் வைத்தது.

வேறு விதமான கம்பெனிகளும் இருந்தன. ஆள் நிஜமாகவே வேலை செய்கிறாரா என்று பார்க்க, சில நிமிஷத்துக்கு ஒரு தரம் அவர் திரையைப் படம் பிடிக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். கூரையிலிருந்த காமிராவைக் கழற்றிக் கம்ப்யூட்டருக்குள் வைத்த மாதிரி! வீட்டுக்குள் வந்து எட்டிப் பார்ப்பது என்ன மரியாதை?

ஷாங்காயில் நடந்த பரிசோதனை

பார்க்காவிட்டால் ஆள் வேலை செய்வாரா? இதைக் கொரோனாவுக்குப் பத்து வருஷம் முன்பே ஒருவர் சோதித்துப் பார்த்துவிட்டார். சீனாவில் ஷாங்காய் நகரத்தில் சிட்ரிப் என்ற பிரயாணக் கம்பெனி. டெலிபோனில் ஓட்டல் அறையும் விமான டிக்கெட்டும் பதிவு செய்து கொடுப்பது அதன் தொழில். 2010-ல் அமெரிக்கப் பேராசிரியர் நிக்கோலஸ் புளூமும் அவருடைய சகாக்களும் அங்கே ஒரு பரிசோதனை செய்தார்கள். விருப்பம் தெரிவித்தவர்களில் தகுதியான 249 பேரை எடுத்தார்கள். பிறந்த தேதி இரட்டைப்படையானால் வாரத்தில் 4 நாள் வீட்டில் வேலை. ஒற்றைப்படையானால் ஆபீசிலேயே வேலை!

9 மாதம் கழித்துப் பார்த்தால், வீட்டிலிருந்தவர்கள் 100-க்கு 13 பங்கு அதிகமாக வேலை செய்திருந்தார்கள். இடையில் எழுந்து போவது குறைந்தது. உடம்பு சரியில்லை என்று லீவு போடுவது குறைந்தது. வேலையை விட்டுப் போகிறவர்களின் எண்ணிக்கையும் பாதியாயிற்று.

அப்புறம் நடந்ததுதான் ஆச்சரியம். "இனி உங்கள் இஷ்டம்" என்று கம்பெனி சொன்னதும், வீட்டிலிருந்தவர்களில் பாதிப் பேர் ஆபீசுக்கே திரும்பி வந்துவிட்டார்கள். காரணம், தனிமை.

இது 2020-ல் எல்லோருக்கும் தெரிந்தது. டீக்கடைக்கு நடந்துபோய் நாலு வார்த்தை பேசுவது வேலையில் ஒரு பாதி என்பது அது இல்லாமல் போனபோதுதான் புரிந்தது. அதிலும் புதிதாகச் சேர்ந்தவர்கள் பாடு கஷ்டம். மானேஜர் முகத்தையே நேரில் பார்க்காமல் ஒரு வருஷம் வேலை செய்தவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? ஆபீசில் என்றால் பக்கத்து நாற்காலிக்காரர் இருப்பார்.

பெண்கள் பாட்டையும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடமும் மூடிக் கிடந்தது. குழந்தைக்குச் செல்போனில் பாடம், தாய்க்குக் கம்ப்யூட்டரில் வேலை, அடுப்பில் சாம்பார். மூன்றும் ஒரே கூடத்தில்.

2021 மே

இரண்டாவது அலை வந்தது. மன்னார்குடி வீட்டில் அப்பாவுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் மூச்சுத் திணறல். மகன் மானேஜருக்குப் போன் செய்தார். அந்த மனிதரை அவர் ஒரு தடவைகூட நேரில் பார்த்தது கிடையாது.

"கம்ப்யூட்டரை மூடு. அப்பாவைப் பார். லீவு எத்தனை நாள் என்று நான் கேட்கமாட்டேன்" என்றாராம் அவர். அதோடு நிற்கவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் பத்துப் பேர், திருப்பூரிலும் ஐதராபாத்திலும் இருந்துகொண்டே ஆளுக்கு ஓர் ஆஸ்பத்திரியாகப் போன் செய்து, தஞ்சாவூரில் ஆக்சிஜன் படுக்கை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அப்பா 12 நாள் கழித்து வீடு திரும்பினார்.

அந்த மாதத்தில் எல்லா வீட்டிலும் இப்படி நடக்கவில்லை. படுக்கை தேடியவர்களில் எத்தனையோ பேருக்குக் கிடைக்கவில்லை. பிறகு பல கம்பெனிகள், ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் தடுப்பூசி முகாம் நடத்தின.

சாலையில் நின்றவர்கள்

மாளிகைகள் காலியானபோது, அவற்றை நம்பிப் பிழைத்தவர்கள் என்ன ஆனார்கள்? வேன் டிரைவர், காண்டீனில் தோசை வார்த்தவர், தரை துடைத்த பெண், வாசலில் இட்லி விற்ற ஆயா. தரை துடைப்பதை வீட்டிலிருந்து செய்ய முடியாது. இவர்கள் அந்தக் கம்பெனிகளின் கணக்கில் ஊழியர்களும் அல்ல. பலர் காண்டிராக்டரின் ஆட்கள். கம்பெனி செய்த நன்மைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இவர்கள் பக்கம் வந்ததும் அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் ஹாஸ்டல் நடத்தியவர்கள் கதையும் அதுதான். மாணவர் விடுதி போல நிறைந்திருந்த அறைகள், ஒரே மாதத்தில் காலி.

மத்தளம்பாறை

தென்காசி பக்கத்தில் மத்தளம்பாறை என்று ஒரு கிராமம். ஸோஹோ கம்பெனி 2011-லேயே தென்காசியில் ஆபீஸ் திறந்து, பின்னர் அந்தக் கிராமத்துக்குக் கொண்டுபோனது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு, 2019-ல் அமெரிக்காவிலிருந்து அங்கேயே குடிவந்துவிட்டார். ஊரடங்கில் பள்ளிக்கூடம் மூடியபோது கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

கொரோனாவில் ஊழியர்கள் ஊர் ஊராகச் சிதறிப் போனதும், அந்தக் கம்பெனி வேறு மாதிரி யோசித்தது. எல்லோரையும் சென்னைக்கு இழுப்பானேன்? ஆள் இருக்கும் ஊர்ப்பக்கமே சின்னச் சின்ன ஆபீஸாகத் திறப்போம் என்றது. வீட்டுச் சாப்பாடும் கிடைக்கும்; பேச ஆளும் கிடைக்கும். கம்பெனிகள் செய்த பல ஏற்பாடுகளில் எனக்குப் பிடித்தது இதுதான்.

வந்த வண்டி திரும்பியது

டாடா கம்பெனி 2020-ல், "2025-க்குள் 100-க்கு 25 பேர் ஆபீசில் இருந்தால் போதும்" என்று சொல்லியிருந்தது. நடந்தது வேறு. 2022 செப்டம்பரில் விப்ரோ கம்பெனி, போட்டிக் கம்பெனிகளுக்கும் சேர்த்து வேலை செய்ததாக 300 பேரை நீக்கியது. ஒரே ஆள், ஒரே வீடு, இரண்டு முதலாளி! அப்படிச் செய்தவர்கள் கூட இருந்தவர்களின் பேரையும் கெடுத்தார்கள். 2023 அக்டோபரில் டாடா கம்பெனி, வாரத்தில் 5 நாளும் ஆபீசுக்கு வரவேண்டும் என்றது.

மன்னார்குடி மகனுக்கும் அந்த வருஷமே உத்தரவு வந்தது. கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு சென்னைக்குப் போய், மறுபடி வாடகைக்கு அறை எடுத்தார். அப்பா தம் அறைக்குத் திரும்பினார். நாற்காலியைக் கம்பெனி கேட்கவில்லை.

நான் போன மாதம் அங்கே போனபோது, அம்மாள் அதில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மணி இரண்டு அடித்தது. கை தானாக நீண்டு டெலிவிஷன் சத்தத்தைக் குறைத்தது.