தள்ளிப் போனால் ஒட்டும் கம்பம்

வீட்டுக் கூடத்தில், ஆணி அடிக்காமல், சிமென்ட் பூசாமல், தரைக்கும் மேல்தளத்துக்கும் நடுவே ஒரு எஃகுக் கம்பத்தை நிறுத்திவிடலாம். அதில் வளர்ந்த ஆள் ஒருவர் தலைகீழாகத் தொங்கவும் செய்யலாம். பெங்களூரிலிருந்து எழுதியிருக்கும் வாசகி இதைத்தான் நம்ப மறுக்கிறார். மென்பொருள் வேலை, வாடகை ஃபிளாட், உட்கார்ந்தே முதுகு போய்விட்டது, ஜிம் அலுத்துவிட்டது, போல் டான்ஸ் கற்றுக்கொள்ள ஆசை. "என் எடை 72 கிலோ. கம்பம் தாங்குமா, நான் தாங்குவேனா, மாமியார் தாங்குவாரா?" என்று கேட்கிறார். மூன்றாவதற்கு இந்தப் பத்தியில் விடை இல்லை. மற்ற இரண்டும் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்விகள். குறிப்பாக இரண்டாவது.

போல் டான்ஸ் எப்படி இருக்கும் என்று சினிமா பார்த்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சினிமா சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். இன்று வகுப்புகளில் கற்றுத்தரும் பிடிகளில் பலவற்றை உருவாக்கியவர்கள் வட அமெரிக்கக் கிளப்புகளில் பிழைப்புக்காக ஆடிய பெண்கள். 1990களில் கனடாவில் ஃபானியா மாண்டே என்ற நடனக்காரர் கிளப்புக்கு வெளியே இருந்த சாதாரணப் பெண்களுக்கு இதைச் சொல்லித்தரத் தொடங்கினார். அமெரிக்காவில் நடிகை ஷீலா கெல்லி ஒரு படத்துக்காகக் கற்றுக்கொண்டு, பிறகு லாஸ் ஏஞ்சலஸில் பயிற்சிக்கூடமே திறந்துவிட்டார். 2017இல் சர்வதேச போல் விளையாட்டுக் கூட்டமைப்புக்கு உலக விளையாட்டுக் கூட்டமைப்புகளின் பேரவையில் பார்வையாளர் தகுதி கிடைத்தது. இப்போது இது உடற்பயிற்சி, போட்டி, பொழுதுபோக்கு. நல்லதுதான். ஆனால் "நாங்கள் அந்த மாதிரி இல்லை" என்று முந்திக்கொண்டு சொல்கிற புதியவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். வித்தை மட்டும் வேண்டும், அதை உண்டாக்கியவள் வேண்டாம் என்பது என்ன நியாயம்?

சரி, கம்பத்துக்கு வருவோம். இப்போது பரவலாக விற்கும் கம்பத்தின் விட்டம் 45 மில்லிமீட்டர். பழையவை 50. கை சிறியவர்களுக்கு 40 கிடைக்கும். அடியில் ஒரு வட்டத் தட்டு, உச்சியில் கவிழ்த்த கிண்ணம்போல் ஒரு மூடி. அடிப்பக்கத்தில் இருக்கும் திருகைச் சாவி போட்டுத் திருப்பினால் கம்பம் நீண்டு, மேலும் கீழும் இறுக்கமாக முட்டிக்கொண்டு நிற்கும். அந்த முட்டுதான் அதற்கு அஸ்திவாரம். கான்கிரீட் தளம் என்றால் கவலையில்லை. அழகுக்காகப் போட்ட ஜிப்சம் பொய்க்கூரை என்றால் நினைக்கவே வேண்டாம், முதல் இறுக்கத்திலேயே பொத்துக்கொள்ளும். பெரும்பாலான கம்பங்கள் சுமார் ஏழரை அடியிலிருந்து ஒன்பது அடி வரைதான் நீளும். நம் ஊர்ப் பத்தடித் தளத்துக்கு இணைப்புக் குழாய் தனியாக வாங்க வேண்டும். தரையில் டைல்ஸ் என்றால் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் கேட்டால் அந்த இடம் வேண்டாம்.

இன்னொரு ஆபத்து நம் கூடங்களில் உண்டு: நட்டநடுவில் தொங்கும் மின்விசிறி. கம்பத்தைச் சுற்றிலும் கைகால் நீட்ட ஐந்தடி வெற்றிடம் வேண்டும் என்று கணக்குப் போடுகிறவர்கள் தரையை மட்டும் அளக்கிறார்கள். கால் மேலே போகிற ஆட்டம் இது. கூடத்தைவிட, விசிறி ஓரமாக உள்ள படுக்கையறை பல வீடுகளில் பொருத்தமாக இருக்கும்.

கம்பம் விலை அதிகம் என்பதால், மாடிப்படிக் கைப்பிடிக்குப் போடும் ஸ்டீல் குழாயை வெல்டிங் பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளலாமா என்று சிலர் யோசிப்பார்கள். வேண்டாம். அது கை வைக்கிற குழாய், ஆள் தொங்குகிற குழாய் அல்ல. சுவர் மெல்லியது, நடுவில் வளையும். வளைந்த கம்பம் நீளத்தில் குறையும், குறைந்தால் மேல் முட்டு விட்டுப்போகும். பார்ட்டி அலங்காரத்துக்கென்று விற்கும் மலிவான கம்பங்களுக்கும் இதே கதிதான்.

இனி இரண்டாவது கேள்வி. ஆளைக் கம்பத்தில் பிடித்துவைப்பது எது? கைப்பலம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பிடித்துவைப்பது தோல்.

உள்தொடை, முழங்காலின் பின்மடிப்பு, முழங்கையின் உள்மடிப்பு, அக்குள், இடுப்பின் ஓரம். இந்த இடங்களில் வெறும் தோல் உலோகத்தில் பட்டால்தான் பிடி கிடைக்கும். துணி பட்டால் வழுக்கும். குட்டைக் கால்சட்டை இங்கே விளையாட்டுக் கருவி, கிரிக்கெட்காரருக்கு ஆணி ஷூ எப்படியோ அப்படி. "இவ்வளவு குறைத்து உடுத்திக்கொண்டுதான் ஆட வேண்டுமா?" என்று கேட்பவர்கள், பட்டுப் பாவாடையோடு ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டுப் பேசலாம். சீனச் சர்க்கஸ்காரர்களும் கம்பம் ஏறுகிறார்கள், முழு உடையில். அவர்கள் கம்பத்துக்கு ரப்பர் போர்த்தியிருக்கும். நம் மல்லர் கம்பமோ மரம், மேலே சிறுத்துக்கொண்டே போகும், அதற்கு விளக்கெண்ணெய் பூசுவார்கள். பூசாவிட்டால் அங்கே உரசல் மிஞ்சிப்போய்த் தோல் கிழியும். விழுப்புரத்தில் மல்லர் கம்பம் பழகும் பிள்ளைகள் அந்த மரத்தில் செய்வதைப் பார்த்தவர்களுக்கு, கம்பம் ஏறுவதில் ஆண் வேலை பெண் வேலை என்று எதுவும் கிடையாது என்பது தெரிந்திருக்கும். ரப்பர், எண்ணெய் பூசிய மரம், பளபளக்கும் குரோமியம் என்று மூன்று பரப்பு. தோல் மூன்றிடமும் வேறு வேறு விதமாக நடந்துகொள்கிறது.

உராய்வு பற்றிப் பள்ளியில் படித்த விதி நினைவிருக்கலாம். அழுத்தம் கூடினால் உராய்வும் அதே விகிதத்தில் கூடும், தொடும் பரப்பு பெரிதா சிறிதா என்பது பொருட்டே இல்லை. பிரான்ஸில் அமோந்தோன் என்பவர் 1699இல் சொன்னது. மரத்துக்கும் இரும்புக்கும் ஓரளவு சரி. தோலுக்குச் சரிப்படாது. உலர்ந்த தோலின் மேலடுக்கு விறைப்பானது. கம்பத்தை உண்மையில் தொடுவது அதன் மேடுகள் மட்டும்தான். லேசாக ஈரம் பட்டால் அந்த அடுக்கு ஊறி இளகி, பள்ளங்களும் உலோகத்தோடு படிந்துகொள்ளும். உராய்வு பல மடங்கு ஏறும். ஈரம் இன்னும் கூடி வியர்வை ஒரு படலமாகத் திரண்டுவிட்டால் வழுக்கத் தொடங்கும். ஆக, பிடி நன்றாக இருப்பது நடுவில் ஒரு சின்ன இடைவெளியில் மட்டுமே. டிசம்பர் காலையில் பெங்களூர்க் கம்பம் சில்லென்று வழுக்கும். உடம்பு சூடாகி, கம்பமும் கைபட்டுச் சூடானபின் ஒட்டும். மே மாதச் சென்னையில் எதுவுமே ஒட்டாது. ஏசியில் குளிர்ந்த கம்பத்தை, ஜன்னலைத் திறந்துவிட்டுத் தொட்டுப் பாருங்கள், ஐஸ் தண்ணீர் டம்ளர்போல் வெளியே ஈரம் பூத்திருக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் உள்ளங்கை. உடலின் மற்ற இடங்கள் பெரும்பாலும் வெக்கைக்கு வியர்க்கும். உள்ளங்கையும் பாதமும் பயத்துக்கு வியர்க்கும். மேலே ஏறியபின் "ஐயோ" என்று மனதுக்குள் ஒரு எண்ணம் ஓடினால் போதும், கை நழுவும். நழுவினால் பயம் கூடும், கூடினால் இன்னும் வியர்க்கும். தொடைக்கு இந்தக் கோழைத்தனம் இல்லை. அதனால்தான் நல்ல ஆசிரியர்கள் கைவித்தைகளுக்கு முன்னால் தொடையால் கம்பத்தைக் கவ்வி உட்காரக் கற்றுத்தருகிறார்கள். அது வலிக்கும், மறைக்க மாட்டேன். முதல் வாரங்களில் உள்தொடையில் நாவல்பழ நிறத்தில் கன்றிப்போகும். நுண்ணிய இரத்தக் குழாய்கள் உடைவதால் வருவது அது. நாளடைவில் குறையும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

இப்போது அந்த 72 கிலோ. தொடைகள் இரண்டால் கம்பத்தைக் கவ்வி உட்காருகிறீர்கள், உராய்வுக் கெழு 0.6, அதாவது அழுத்தத்தில் பத்தில் ஆறு பங்கு உராய்வாகும் என்று வைத்துக்கொள்வோம். கையே பிடிக்காமல் நிற்க, இரு பக்கமும் 60 கிலோ வீதம் அழுத்த வேண்டும். மலைப்பாக இருக்கிறதா? இன்னொரு வழி இருக்கிறது. மேலே ஒரு கை கம்பத்தைப் பிடித்து இழுக்கிறது. கீழே இன்னொரு கையோ காலோ கம்பத்தைத் தள்ளுகிறது. உடம்பு கம்பத்திலிருந்து விலகிச் சாய்கிறது. சாய்ந்த உடம்பு தன் எடையாலேயே மேல்பிடியை வெளிப்புறமும் கீழ்ப்பிடியை உட்புறமும் நெம்புகிறது. அந்த நெம்பல்தான் அழுத்தம், அந்த அழுத்தம்தான் உராய்வு. எவ்வளவு விலகுகிறீர்களோ அவ்வளவு இறுகும். பயந்து கம்பத்தோடு ஒட்டிக்கொண்டால் நெம்பலும் இல்லை, பிடியும் இல்லை, சர்ரென்று கீழே வந்துவிடுவீர்கள்.

சின்ன வயதில் எங்கள் ஊர்ப் பனங்காட்டில் இதை வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். பனையேறும் அண்ணாச்சிகள் தளைநார் போட்ட பாதங்களால் மரத்தை உதைத்து, கைகளால் மரத்தை இழுத்து, நடு உடம்பை மரத்துக்கு வெளியே வில்லாக வளைத்துக்கொண்டு ஏறுவார்கள். ஏறிப் பழகும் பையன்கள் மட்டும் மரத்தைக் கட்டிக்கொண்டு, நெஞ்சைச் சிராய்த்துக்கொண்டு இறங்குவார்கள்.

கணக்கு இதைவிட வேடிக்கை. மேல்பிடிக்கும் கீழ்ப்பிடிக்கும் இடைவெளி 36 செ.மீ., உராய்வுக் கெழு அதே 0.6 என்றால், உங்கள் எடைமையம் கம்பத்திலிருந்து 30 செ.மீ. விலகியிருந்தால் வழுக்காது. இந்தக் கணக்கில் எடை எங்கே? இல்லை. கீழே இழுப்பதும் எடை, இறுக்கிப் பிடிப்பதும் அதே எடை. இரண்டும் அடிபட்டுப் போகின்றன. 50 கிலோவானாலும் 72 ஆனாலும் அதே 30 செ.மீ. (தோல் அமோந்தோனுக்கு முழுசாகக் கட்டுப்படாததால் எடை கூடினால் கெழு சற்று இறங்கும். அது சிறு கழிவு.) அந்த நெம்பலைத் தாங்கும் தோள்பட்டைக்கு மட்டும் எடை தெரியும். எனவே "முதலில் இளைத்துவிட்டு வருகிறேன்" என்று காத்திருக்கத் தேவையில்லை. தோளை முதலில் தேற்ற வேண்டும்.

வீட்டில் கற்பதில் உள்ள சிக்கலும் தோளில்தான் வருகிறது. மேலே பிடிக்கும் கையைத் திருப்பி வைத்துக்கொண்டு எடையை அதில் போடுகிற பிடிகள் வீடியோவில் அழகாக இருக்கும். தோள்மூட்டின் தசைநாண்கள் பழகாமல் அதைச் செய்தால் மாதக்கணக்கில் சட்டை மாட்டக்கூடக் கை தூக்க முடியாது. வகுப்பில் யாராவது பார்த்துத் திருத்துவார்கள். வீட்டில் கைப்பேசிதான் பார்க்கிறது, அது பாராட்டத்தான் பழகியிருக்கிறது. தலைகீழ் வித்தைகளைச் சில மாதமாவது வகுப்பில், ஆள் துணையோடு கற்றபின் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கீழே மெத்தை போட்டிருக்கிறேனே என்பார்கள். மெத்தை இடுப்பைக் காப்பாற்றும். தலை முதலில் வந்தால் கழுத்தைக் காப்பாற்றாது. பல்லாயிரம் கொடுத்துக் கம்பம் வாங்குகிறவர்கள் வகுப்புக் கட்டணத்துக்கு மட்டும் கணக்குப் பார்ப்பது எனக்குப் புரியவே இல்லை.

மீதியெல்லாம் சில்லறை விஷயம். அன்றைக்குக் காலில் லோஷன், தேங்காயெண்ணெய் எதுவும் கூடாது. மோதிரம், வளையல், கொலுசு கழற்றிவிட வேண்டும். கம்பத்தைக் கீறுவதோடு விரலையும் மாட்டிவிடும். ஆடுமுன் சானிடைசர் வகை ஆல்கஹாலைத் துணியில் நனைத்துக் கம்பத்தைத் துடைக்க வேண்டும், முந்தைய நாள் எண்ணெய்ப் பிசுக்கும் வியர்வையும் போக. கை அதிகம் வியர்ப்பவர்கள் மலையேறிகள் பூசும் திரவச் சுண்ணத்தைப் பூசிக்கொள்ளலாம். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் குரோமியப் பூச்சைத் தவிர்த்து, பவுடர் கோட்டிங் செய்ததை வாங்கலாம்.

பல கம்பங்களின் கீழ்ப்பகுதியில் சின்ன மறைதிருகு இருக்கும். அதைத் தளர்த்தினால் கம்பம் தானே சுழலும், இறுக்கினால் அசையாமல் நிற்கும். நேற்றுச் சுழலவிட்டு ஆடியதை மறந்து, இன்று நிலைக்கம்பம் என்று நம்பித் தாவினால், கம்பம் உங்களை ஒரு சுற்று சுற்றி அலமாரியில் கொண்டுபோய் இடிக்கும். ஒவ்வொரு முறையும் தாவுமுன் தரையில் நின்றபடி கம்பத்தை இரு கையாலும் முறுக்கிப் பாருங்கள். பிறகு நாலு திசையிலும் உலுக்கிப் பாருங்கள். மேல்மூடி இம்மி நகர்ந்தாலும் சாவியை எடுங்கள்.