மணிக்கு 17 தடவை விழும் மகா வீரர்கள்!

நடக்கப் பழகும் குழந்தை ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை விழும், தெரியுமா? சராசரியாக 17 தடவை! நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப் குழுவினர் எண்ணியே பார்த்துவிட்டார்கள். 2012-இல் வெளிவந்த ஆய்வு அது. விளையாட்டுப்போக்கில் அந்தப் பொடிசுகள் மணிக்கு எடுத்துவைத்த அடிகள் சராசரியாக 2,368! நம்மில் யார் மணிக்கு 17 தடவை விழுந்தும் சிரித்துக்கொண்டே எழுந்திருப்போம்? இப்பேர்ப்பட்ட வைராக்கியத்தோடு வீட்டுக்குள் சுற்றிவரும் பிள்ளைக்கு, பக்கத்தில் உட்கார ஒரு ஆள் கிடைத்தால் என்னவெல்லாம் நடக்கும் பாருங்கள்!

சைக்கிள் கற்றுக்கொடுக்க முதலில் எதைக் கழற்ற வேண்டும், தெரியுமா? பெடலை! பின்னால் இரண்டு குட்டிச் சக்கரம் மாட்டிவிடுவதுதான் நம் வழக்கம். அதில் மிதிக்கப் பழகலாம், பாலன்ஸ் வராது. வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹேண்டில்பாரைத் திருப்பினால்தான் நிமிரும். சாயவே விடாத வண்டியில் அதை எப்படிப் பழகுவது? ஆகவே பெடல் இரண்டையும் கழற்றுங்கள். (இடது பெடலின் மரை தலைகீழ். கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். ஸ்பேனரோடு மல்லுக்கட்டாதீர்கள்!) உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படியும் அளவுக்கு சீட்டை இறக்குங்கள். குழந்தை தரையை உந்தி உந்திப் போகட்டும். ஒருநாள் தானாகவே இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு வழுக்கிப் போகும். அன்றைக்குப் பெடலை மாட்டுங்கள்! இன்னொரு அதிசயம்: 1817-இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் ஓட்டிக்காட்டிய, சைக்கிள் வம்சத்துக்கே மூதாதையான வண்டிக்கும் பெடல் கிடையாது. உலகமே முதலில் அப்படித்தான் ஓட்டியிருக்கிறது!

சட்டைப் பட்டனைக் கடைசியிலிருந்து கற்றுக்கொடுக்கலாம், தெரியுமா? துளைக்குள் பட்டனைப் பாதி நுழைப்பது நீங்கள். மறுபக்கம் பிடித்து இழுப்பது மட்டும் குழந்தை. அது கைவந்ததும் அதற்கு முந்தின படி, பிறகு அதற்கும் முந்தினது. ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் நிறையப் பயன்படுத்தும் முறை இது. முதல் நாளிலிருந்தே வேலையை முடித்துவைத்தது குழந்தைதான் என்றாகிவிடுகிறதே, அங்கேதான் இருக்கிறது இதன் அழகு!

பட்டன் போடுவதையும் தண்ணீர் ஊற்றுவதையும் பள்ளிப் பாடமாகவே ஆக்கிய மரியா மாண்டிசோரி நம்ம சென்னையில் வாழ்ந்தவர், தெரியுமா? 1939-இல் அடையாறு பிரம்மஞான சபைக்குப் பயிற்சி தர வந்தார். உலகப் போர் மூண்டிருந்த நேரம். இத்தாலியும் போரில் குதித்ததும் அவர் எதிரி நாட்டவர் ஆகிவிட்டார். மகன் மரியோவைக் காவலில் வைத்தது ஆங்கில அரசு. 1940 ஆகஸ்டில், அம்மாவின் 70-ஆவது பிறந்தநாளையொட்டி மகனை விடுவித்தார்கள். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிக் குழந்தைகளோடு வேலை செய்தார் அந்த அம்மையார்!

வீட்டில் போட்ட கணக்கு உலகம் சுற்றிய கதை தெரியுமா? 1954-இல் ஒசாகாவில் இரண்டாம் வகுப்பு மகன் கணக்கில் திணற, கணித ஆசிரியரான அப்பா தோரு குமோன் தினமும் கொஞ்சம் போடும்படி தன் கையால் கணக்குத்தாள் எழுதிக்கொடுத்தார். இன்று உலகெங்கும் நடக்கும் குமோன் வகுப்புகளுக்கு அதுதான் விதை! அதே ஜப்பானின் இசை ஆசிரியர் ஷினிச்சி சுசுகியின் முறையில் வயலினை முதலில் யார் கையில் கொடுப்பார்கள்? அம்மா அல்லது அப்பா கையில்! பெரியவர் வாசிப்பதைப் பார்த்துப் பார்த்து, தனக்கும் வேண்டும் என்று பிள்ளையே கேட்டு வரும்.

இப்போது நம் சதுரங்கத்துக்கு வாருங்கள். விஸ்வநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் செஸ் சொல்லித்தந்தது அம்மா சுசீலா. அப்பாவின் வேலை காரணமாகக் குடும்பம் மணிலாவுக்குப் போனது. அங்கே டி.வி.யில் மதிய நேரத்தில் செஸ் நிகழ்ச்சி, பிள்ளையோ பள்ளியில். அம்மா என்ன செய்தார் தெரியுமா? டி.வி. முன்னால் உட்கார்ந்து, ஆட்டங்களையும் புதிர்களையும் எழுதிவைத்துக்கொண்டார்! சாயங்காலம் இருவரும் சேர்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். பரிசு புத்தகம். ஜெயித்து ஜெயித்து, கடைசியில் நிலையத்தாரே, வேண்டிய புத்தகங்களை அள்ளிக்கொண்டு போ, இனி விடை மட்டும் அனுப்பாதே என்று கும்பிடு போட்டுவிட்டார்கள்! 1988-இல் அந்தப் பையன்தான் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர்.

டி.வி.யால் செஸ் வளர்ந்த வீடு அது. டி.வி.யிலிருந்து தப்பிக்கச் செஸ்ஸுக்கு வந்த வீடும் சென்னையிலேயே இருக்கிறது! கார்ட்டூனே கதியென்று கிடந்த வைஷாலியைப் பெற்றோர் செஸ் வகுப்பில் சேர்த்தார்கள். அக்கா காய் நகர்த்துவதைப் பார்த்துத் தம்பி பிரக்ஞானந்தாவும் பலகை முன்னால் உட்கார்ந்துவிட்டான். 2018-இல் 12 வயதில் தம்பி கிராண்ட்மாஸ்டர். 2023 டிசம்பரில் அக்காவும் அதற்கான 2,500 புள்ளிகளைத் தாண்டினார். ஒரே வீட்டு அக்காவும் தம்பியும் கிராண்ட்மாஸ்டர் ஆனது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை!