பந்தாட்டமும் தேசாபிமானமும்

2006-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் தேதி ம்யூனிக் நகரில் உலகக் கால்பந்துப் போட்டி ஆரம்பமான சில தினங்களுக்குள், கறுப்பும் சிவப்பும் பொன்னிறமுமான தங்கள் தேசக் கொடி, மோட்டார் கார்களின் ஜன்னல் கண்ணாடியில் செருகிய பிளாஸ்டிக் குச்சிகளிலும், மாடி முகப்புகளிலும், ஏன், குழந்தைகளின் கன்னங்களிலுங்கூடத் தோன்றியதைக் கண்டு, வந்த விருந்தினரைக் காட்டிலும் ஜெர்மானியரே அதிகமாக ஆச்சரியப்பட்டார்கள். வேறொரு தேசத்தில் இது ஒரு விஷயமாகவே இராது. ஹிட்லரின் ஆட்சி 1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் விழாவைத் தன் பிரசாரத்துக்குப் பயன்படுத்திய விதத்தையும், பின்னர் நிகழ்ந்த மகா பாதகங்களையும் பள்ளிக்கூடத்திலேயே பயின்று வளர்ந்தவர்களுக்கு, அரசாங்கக் கட்டடத்தின்மேல் பறக்கும் கொடி வேறு, தம் வீட்டு வாசலில் தாமே கட்டும் கொடி வேறு. இத்தனைக்கும் 2006-இன் இறுதி ஆட்டம் நடந்தது அந்த ஒலிம்பிக்குக்காகக் கட்டிய மைதானத்தில்தான்!

இத்தகைய உத்ஸாகத்துக்கு மனோதத்துவ சாஸ்திரிகள் பழைய விளக்கம் ஒன்று வைத்திருக்கிறார்கள். கல்லூரிக் குழு வென்றால், திங்கட்கிழமை மாணவர்கள் கல்லூரிப் பெயர் பொறித்த சட்டையை அதிகமாக அணிந்து வருகிறார்கள் என்பதையும், வெற்றியைச் சொல்லும்போது ‘நாம்’ என்பவர்களே தோல்வியைச் சொல்லும்போது ‘அவர்கள்’ என்று நழுவிவிடுகிறார்கள் என்பதையும், ராபர்ட் சியால்டினியும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் 1976-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் காட்டினார்கள். ஒரு சிறு பரீட்சையில் தேறவில்லை என்று சொல்லப்பட்டவர்களிடம் அந்த ‘நாம்’ இன்னும் மிகுந்ததாம். சுயகௌரவத்தில் அடிபட்டவனுக்குத்தானே பிறர் வெற்றி அதிகம் தேவைப்படுகிறது!

ஆனால் இந்த நியாயப்படி பார்த்தால், டார்ட்மண்டில் இத்தாலியிடம் தோற்றவுடனேயே ஜெர்மானியர் கொடிகளைச் சுருட்டியிருக்க வேண்டும். மாறாக, மூன்றாம் இடத்தோடு திரும்பிய குழுவைப் பிராண்டன்பர்க் வாயிலருகே லட்சக்கணக்கானோர் கூடி வரவேற்றார்கள். உலகம் நண்பர்கள் வீட்டுக்கு விருந்து வந்திருக்கிறது என்பதே அப்போட்டியின் கோஷமாக இருந்தபடியால், ஆட்டத்தில் தோற்றாலும் உபசாரத்தில் தோற்கவில்லை என்ற பெருமை அவர்களுக்கு எஞ்சியது என்பதே என் அபிப்பிராயம்.

அந்தப் பெருமை எவ்வகைப்பட்டது என்பதில்தான் சங்கடம். தன் நாட்டின் ஜனநாயகத்தையும் சமூக நீதியையும் எண்ணிப் பெருமிதம் கொள்வது தேசாபிமானம். பிறரைவிடத் தாமே உயர்ந்தவர் என்பது தேசிய அகந்தை. பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் ஹைட்மையர் தலைமையில் ஆண்டுதோறும் நடந்துவந்த கருத்தாய்வில், 2006 போட்டிக்குப் பின் வினவப்பட்டவர்களிடம், முன்னரே வினவப்பட்டவர்களைக் காட்டிலும், இந்த இரண்டாவது குணமே கூடியிருந்தது. திருவிழா மனிதரை விசால மனத்தினராக்கிற்று என்று பத்திரிகைகள் புகழ்ந்தது அவசரப்பட்ட முடிவே.

2024-இல் ஐரோப்பியக் கோப்பைப் போட்டி மீண்டும் ஜெர்மனிக்கு வந்தபோது, தேசியக் குழுவில் வெள்ளை நிறத்தவர் அதிகம் இருந்தால் நன்று என்று 21 சதவிகிதத்தினர் ஒரு கருத்துக்கணிப்பில் சொன்னார்கள். பயிற்சியாளர் நாகெல்ஸ்மான் அக்கேள்வியையே நிறவெறி என்று கண்டித்தார். அவருடைய குழுவுக்குத் தலைமை தாங்கிய இல்காய் குண்டோகன், துருக்கியிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தில், அப்போட்டி நடந்த பத்து நகரங்களுள் ஒன்றான கெல்சன்கிர்ஷனில் பிறந்தவர்.