நாயின் வாய் நாறுவது ஏன்?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தென்காசிச் சாலையில் சுமார் 12 கிலோமீட்டர் சென்றால் ராஜபாளையம். அந்த ஊரின் பெயரையே தன் பெயராகக் கொண்ட நாயை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பால் வெள்ளை உடல், ஒடுங்கிய வயிறு, நீண்ட கால்கள், இளஞ்சிவப்பு மூக்கு. 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது இதுவும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது.

தபால்தலையில் எத்தனை அழகாக நின்றாலென்ன? நான்கைந்து வயதான நாய் ஆசையோடு உங்கள் முகத்தருகே வந்து மூச்சு விட்டால், சில வேளைகளில் நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலக நேரிடுகிறது. “நாய் என்றால் நாறத்தானே செய்யும்” என்பார்கள் வீட்டிலுள்ளவர்கள். திண்ணையில் படுத்திருந்த நாய் கொல்லைப்புறத்துக்குப் போய்விடும். ஆனால், நலமாக உள்ள நாயின் வாயில் நம்மைத் துரத்தும் அளவுக்கு நாற்றம் இராது. அப்படி நாறினால் உள்ளே ஏதோ கெட்டிருக்கிறது என்று பொருள்.

நாற்றம் எங்கிருந்து வருகிறது? நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். மணிக்கட்டை நாக்கால் நக்கி, சில விநாடிகள் உலரவிட்டு முகர்ந்து பாருங்கள். இலேசாக ஒரு வாடை வருகிறதல்லவா? வாயிலுள்ள பாக்டீரியாக்களின் கைவேலை அது. உணவுத் துணுக்குகளிலும் உதிர்ந்த செல்களிலும் உள்ள புரதங்களை அவை சிதைக்கின்றன. சில அமினோ அமிலங்களில் கந்தகம் உண்டு. அது ஹைட்ரஜன் சல்பைடாகவும் மெத்தில் மெர்காப்டனாகவும் வெளிப்படுகிறது. முன்னது அழுகிய முட்டையின் நாற்றம். பின்னதன் நெருங்கிய உறவான எத்தில் மெர்காப்டனைத்தான், கசிவு உடனே தெரியட்டும் என்று சமையல் எரிவாயுவில் கலக்கிறார்கள்.

இந்தப் பாக்டீரியாக்கள் பல்லின்மேல் பிசுபிசுப்பான படலமாக ஒட்டி வாழ்கின்றன. 1683இல் ஹாலந்து நாட்டு லேவன்ஹூக் தன் பல்லிலிருந்து சுரண்டிய வெள்ளைப் படிவைத் தாமே செய்த உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். அதில் நுண்ணிய உயிர்கள் துள்ளுவதைக் கண்டு லண்டன் ராயல் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். தினமும் உப்பால் பல் தேய்த்து வந்தவர் அவர் என்பதைக் கவனியுங்கள்!

இனி ஒரு விந்தையைப் பாருங்கள். நமக்குப் பல்லில் எளிதில் சொத்தை விழுகிறது. நாய்க்கு அது அபூர்வம். காரணம் உமிழ்நீர். நம் உமிழ்நீர் ஏறத்தாழ நடுநிலையானது. நாயின் உமிழ்நீரோ காரத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு பொதுவாக 7.5 அல்லது அதற்கும் மேல். பல்லை அரிக்கும் அமிலம் அங்கே எளிதில் தங்காது. நல்லதுதானே என்று கேட்பீர்கள். ஆனால் அதே காரத்தன்மையில்தான் கால்சியம் உப்புகள் விரைவாகப் படிகின்றன. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுபோல. மென்மையான படலம் இரண்டு மூன்று நாட்களிலேயே இறுகத் தொடங்கிவிடுகிறது. இதற்குப் பற்காறை என்று பெயர். சுவரில் பூசும் காறையைப் போலவே இருப்பதால் பெயர் பொருத்தமானதுதான்!

காறை எல்லாப் பற்களிலும் ஒரே அளவில் படிவதில்லை. மேல்தாடையின் பக்கவாட்டில், இறைச்சியை வெட்டும் பெரிய முன்கடைவாய்ப்பல் ஒன்று உண்டு. காதுக்குக் கீழுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய் கன்னத்தில் இதன் அருகேதான் திறக்கிறது. எனவே இந்தப் பல்லின் வெளிப்புறத்தில்தான் பழுப்புக் காறையை முதலில் தேட வேண்டும்.

காறையின் சொரசொரப்பில் மேலும் பாக்டீரியா குடியேறும். அவை ஈற்றுக்குக் கீழே இறங்கும். ஈறு சிவந்து வீங்கும். பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். பல் ஆடி விழும். இத்தனையும் நடக்கும்போது நாய் வழக்கம்போல் சோறு தின்றுகொண்டிருக்கும். பசிக்கு முன் அது வலியைக் காட்டிக்கொள்வதில்லை. அதனால் பல வீடுகளில் நாற்றம் ஒன்றுதான் முதல் செய்தி.

சரி, வாயைத் திறந்து பார்ப்போமா? பொறுங்கள்! நாய்க்குத் திடீரென்று எச்சில் வழிகிறது, விழுங்க முடியவில்லை, தாடை தொங்குகிறது, குரல் மாறிவிட்டது என்றால் கிட்டே போகாதீர்கள். தொண்டையில் எலும்பு சிக்கியதாக நினைத்துக் கைவிடுகிறவர்கள் உண்டு. அது வெறிநோயாக இருக்கலாம். அந்த எச்சில் காயத்தில் பட்டால், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். தடுப்பூசி போட்ட உங்கள் சொந்த நாயை மட்டுமே, பெரியவர் ஒருவர் அருகில் இருக்கையில் சோதியுங்கள். தெரு நாய் வேண்டாம்.

உதட்டைப் பக்கவாட்டில் மெல்லத் தூக்குங்கள். ராஜபாளையம் நாய்க்குக் கறுப்பு நிறமி குறைவு என்பதால் ஈற்றோரத்தின் சிவந்த கோடு எளிதில் தெரியும். காறை கட்டியிருந்தால் ஆணியாலோ கத்தியாலோ சுரண்டாதீர்கள். கீறல் விழுந்த பல்லில் படலம் இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்ளும். கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து, ஈற்றுக்கு அடியிலும் சேர்த்துச் சுத்தம் செய்வார். பல் சுத்தமாக இருந்தும் மூச்சில் அம்மோனியா போலவோ சிறுநீர் போலவோ வாடை வந்தால் சிறுநீரகக் கோளாறாக இருக்கலாம். பழம்போல் இனித்த வாடை நீரிழிவைக் காட்டலாம். இவற்றுக்கும் மருத்துவரே வழி.

காறையாகாத படலத்தை நீக்குவது உங்கள் வேலை. ராஜபாளையத்துக்கு அருகிலுள்ள சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணி நெசவுக்குப் பெயர்பெற்றது. அத்தகைய துணித்துண்டு ஒன்றை ஈரமாக்கி விரலில் சுற்றி, பற்களின் வெளிப்புறத்தைத் தேய்த்தால் போதும். மென்மையான பிரஷ் இன்னும் நல்லது. நம் பற்பசை வேண்டாம். நாய்க்குக் கொப்பளிக்கத் தெரியாது, ஃபுளோரைடை விழுங்கிவிடும். சில பற்பசைகளிலும் சர்க்கரையில்லாத மிட்டாய்களிலும் உள்ள சைலிட்டால் நாய்க்குக் கொடிய நஞ்சு. வேகவைத்த எலும்பைக் கடித்தால் பல் சுத்தமாகும் என்பதும் தவறு. அது சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் ஒரு விரல் நாய்க்கும் ஊட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது பல்லைத் தேய்ப்பதில்லை, ஒட்டிக்கொள்கிறது.

வாரம் ஒருமுறை தேய்த்துப் பயனில்லை. இரண்டு மூன்று நாளில் இறுகுவதை ஏழாம் நாள் தேடி என்ன செய்வது? தினமும் இரண்டு நிமிடம் வேண்டும். குட்டியிலேயே பழக்குவது எளிது. 28 பால்பற்களும் விழுந்து, ஆறேழு மாதத்தில் 42 நிலைப்பற்கள் வந்துவிடும். அதற்கு முன்பே தொடங்குங்கள். முதல் வாரம் உதட்டைத் தூக்கவிட்டாலே போதும். துணி அடுத்த வாரம்.