லண்டனில் இப்போது மணி என்ன?

வெளிநாட்டு உறவினரோடு பேச நேரம் குறிப்பவர்களுக்கு ஒரு தகவல் துளி. குளிர்காலத்தில் லண்டன் நேரம் அறிய, நம் இந்திய நேரத்திலிருந்து 5.30 மணி நேரத்தைக் கழியுங்கள். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள், அப்போது 4.30 மணி நேரம் கழித்தால் போதும். நமக்கு இரவு 8 மணி என்றால், லண்டனில் ஜனவரியில் பிற்பகல் 2.30, ஜூலையில் 3.30. சிங்கப்பூருக்கு ஆண்டு முழுவதும் 2.30 மணி நேரம் கூட்டுங்கள். நம் இரவு 10 மணிக்கு அங்கே நள்ளிரவு 12.30, தேதியும் மாறியிருக்கும். ஆகவே நேரம் குறிக்கும்போது எந்த ஊர் மணி, எந்தத் தேதி என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.